கறிக்கடைக்காரர் மகள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அன்று நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: கட்டிலில், இடுப்புக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர். அவர் காலடியில் அத்தை. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு உன் வீட்டுக்காரர், என் கொழுந்தன். பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே நின்ற என் மகள் பாப்பா. நாற்காலியில் ஏஜென்ட் அனுப்பிய ஆள். காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். மேசைக்குப் பக்கத்தில் நான். என்னை ஒட்டினாற்போல நீ. ஏழு பேர். இந்த வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் போன் ஸ்பீக்கரில் பேசிய அந்த அம்மாளைச் சேர்த்தால் எட்டு. நம் ஏழு பேரில் அவள் கேட்டது புரிந்தவள் நீ ஒருத்திதான். துணிக்கடையில் பில் போடும் இடத்தில் நின்று அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். எனக்காக நீ பதில் சொன்னாய். "அக்கா, தலையாட்டுங்க" என்று என் முழங்கையைக் கிள்ளினாய். நான் கையைக் கூப்பிக்கொண்டு தலையாட்டினேன். ஏஜென்ட்டின் ஆள் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஏன் கனைத்தான் என்று இப்போது யோசிக்கிறேன்.

அவள் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுது. போனில் கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேசும்போது அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள், வீடே கூடி நிற்கிறது. அதுவும் இல்லாமல், உன் குரலைக் கேட்டால் என் வாய் அடங்காது. கடிதத்தில் அடங்கும். நானாகவே படிக்கப் பழகி நானாகவே எழுதப் பழகினவள், ஒவ்வொரு எழுத்தையும் யோசித்துத்தான் போடுவேன்.

வந்து சேர்ந்த விவரம் சொல்கிறேன். விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் நிறையப் பெண்கள், மடியில் ஆளுக்கொரு பை. நீளமான ஒரு கட்டடம், அதில் ஓர் அறை, அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். எனக்கு மேல்கட்டில். புடவை கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிற வித்தையை எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? காலையில் குளித்துவிட்டு, சாமி படத்தை அலமாரிக் கதவில் சாய்த்து, ஓர் ஊதுவத்தி கொளுத்தினேன். கூரையில் புகை பட்டால் கத்துகிற கருவி ஒன்று இருக்கிறதாம். அது கத்தி, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் தூக்க உடையோடு குளிரில் வாசலுக்கு ஓடி வந்து நின்றார்கள். என் சாமிக்கு இங்கே கிடைத்த முதல் மரியாதை அது.

வேலை, உணவுப் பொட்டலம் போடுவது என்று ஏஜென்ட்டின் ஆள் சொன்னான். பொட்டலம் போடுகிற இடம் உண்டு. அது கட்டடத்தின் கடைசியில் இருக்கிறது. நான் நிற்பது அதற்கு வெகு முன்னால். வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை எல்லாம் மாட்டிவிட்டு, ஈரமான பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கோழிகள் வருகின்றன. உரித்த கோழிகள். நின்றால்தானே, வந்துகொண்டே இருக்கின்றன. நான் என் பூட்ஸிலேயே வாந்தி எடுத்தேன்.

என் அறையில் நம் பாஷைக்காரி ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் அவளை உயரமானவள் என்பார்கள். அவள்தான் என்னை வெளியே கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டே கேட்டாள்: "என்னங்க இது, கறிக்கடைக்காரர் மகள்னு சொன்னாங்க, கோழியைப் பார்த்து வாந்தி எடுக்குறீங்க?"

என் அப்பா மளிகைக்கடையில் எடை போட்டவர். கறிக்கடை வைத்திருந்தவர் உன் அப்பா.

பதில் எழுது. நான் இல்லை என்பதற்காக என் அடுப்பில் உன் பாத்திரம் ஏறக்கூடாது. பாப்பாவுக்கு என் சமையல்கட்டில், என் பாத்திரத்தில் சமைத்துப் போடு. எண்ணெய் எந்த வாரம் தீரும் என்று எனக்குத் தெரியும்.

பெரியவள்

மார்ச் 25

அக்காவுக்கு,

கடிதம் என் கையில்தான் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு, மடித்து, என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

என்ன கேட்டாள் என்று கேட்டீர்கள். உங்களுக்கு வரிசையாகச் சொன்னால் பிடிக்கும், வரிசையாகவே சொல்கிறேன். கறி தொடுவதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். கிடையாது என்றேன். கத்தி பிடித்துப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். "கறிக்கடைக்காரர் மகள், பாவாடை கட்டின வயதிலேயே அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று எலும்பு எடுத்தவள்" என்றேன். ரத்தம் பார்த்தால் பயமா என்று கேட்டாள். "சிரிப்பாள்" என்றேன். அப்போதுதான் உங்களைத் தலையாட்டச் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆள்தான் மாறிப்போய்விட்டது.

ஆளை மாற்றினது யார் என்று யோசியுங்கள். அந்த ஏஜென்ட்டைத் தேடிப் பிடித்தது நான். துணிக்கடைக்கு வந்த ஒருத்தியிடம் விசாரித்து, வேலை என்னவென்று தெரிந்து, எனக்குத் தெரிந்த வேலைதானே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷம் கைகட்டி வேலை செய்தால் எனக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை, ஓர் அடுப்பு. அதற்குமேல் ஒரு கூரை. வீட்டில் சொன்ன அன்றைக்கே நீங்கள் அத்தையின் காதில் ஓதிவிட்டீர்கள். அத்தை சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது: "மூத்தவ உட்கார்ந்திருக்க இளையவ சம்பாதிச்சா, அப்புறம் இந்த வீட்டுல யார் சொல்லு நடக்கும்?" அது அத்தையின் வாய், உங்கள் வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர், பெரியவருக்கு இடுப்பு முறிந்ததும் உங்களுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. என்ன வேலை என்று ஒரு தரம்கூட நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்பது உங்களுக்குக் குறைச்சல்.

சரி, அதுகூடப் போகட்டும். அதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

எனக்குக் கல்யாணமாகி முதல் மாதம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். கடையை மூடிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தார். அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதே நீங்கள் வாளியை எடுத்து வந்து அந்த நாற்காலியைக் கழுவினீர்கள். அவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், அக்கா. "வெயில்ல மரம் வெடிக்காம இருக்கத் தண்ணி ஊத்துறாங்கம்மா" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் வாசலோடு சரி. போன வருஷம் செத்தும் போனார்.

இப்போது நீங்கள் எந்த நாற்காலியில் உட்காருகிறீர்கள், யார் அதைக் கழுவுகிறார்கள்?

எண்ணெய் இருக்கிறது. பாப்பா நன்றாக இருக்கிறாள்.

சின்னவள்

ஏப்ரல் 17

சின்னவளுக்கு,

நாற்காலியைக் கழுவினேன். அவர் பார்ப்பார் என்று தெரியாது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

என் வீட்டில் நான் வைத்த சுத்தத்தை என் இஷ்டத்துக்கு வைத்தேன். நீ வருவதற்கு முன்னாலேயே வேண்டுதல் வைத்துக் கறியை விட்டவள் நான். உனக்குப் பின்கட்டில் தகரக் கூரை போட்டுத் தனி அடுப்பு கொடுத்தேன். கொடுக்காமல் விடவில்லையே. நீ அதற்குப் பதில் என்னைக் கொண்டுபோய்க் கோழிக்குடலில் முக்கிவிட்டாய். இரண்டும் ஒரே எடையா? தராசில் வைத்துப் பார்.

நான் கறிக்கடைக்காரர் மகள் இல்லை என்று இங்கே சொல்ல வழி கிடையாது. பொய் சொல்லி வந்தவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று உயரமானவள் சொன்னாள். ஏறினால் என் வீட்டுக்காரர் இடுப்புக்கு யார் வைத்தியம் பார்ப்பது? அதனால் கறிக்கடைக்காரர் மகளாக இருந்துகொண்டிருக்கிறேன். சூப்பர்வைசரம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவள் பாஷையில் அது ஒரே சொல். இந்தக் கட்டடத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் சொல்லும் அதுதான். தரை கழுவுகிறவன்கூடச் சொல்கிறான். உன்னை நான் அப்படிச் சொன்னபோதெல்லாம் நீ பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாய். இங்கே நான் வைக்கிற சத்தம் எந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அந்தப் பெயருக்காகவே என்னைக் கொக்கியிலிருந்து எடுத்து எலும்பு எடுக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இடது கையில் கம்பி வலைக் கையுறை. கோழித் தொடையைக் கவிழ்த்துப் போட்டு, எலும்பின் மேல் ஒரு கோடு, மூட்டைச் சுற்றி ஒரு வளையம், பிறகு இழுக்க வேண்டும். முதல் வாரம் நான் வெட்டின தொடையெல்லாம் கந்தல். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அப்படித்தான் என்று உயரமானவள் சொன்னாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு வெட்டுகிறேன், உன் முகத்தை நினைத்துக்கொண்டு. நன்றாக வருகிறது.

வேலைக்குப் போகும்முன் குளிக்கிறேன், வந்ததும் குளிக்கிறேன். வாயில் ஒன்றும் பட விடவில்லை. தீட்டு கைக்குத்தான், வாய்க்கு இல்லை என்று சாமியிடம் சொல்லியிருக்கிறேன். விளக்கு இல்லாமல்தான் கும்பிடுகிறேன். முதலில் வீட்டுக்காரருக்கு, அப்புறம் பாப்பாவுக்கு, மூன்றாவதாக உன்னை நினைத்து வேண்டிக்கொள்கிறேன். உன் நல்லதுக்கு என்று நினைத்துவிடாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொல்லியிருக்கிறேன். இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். என் சமையல்கட்டையும் சாமி அறையையும் பூட்டி, சாவியை அத்தையிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கறிக்கடை வாடை நான் வரும்வரை அந்த அறைகளுக்குள் போகக்கூடாது.

பெரியவள்

மே 10

அக்காவுக்கு,

பூட்டியாகிவிட்டது. பெரிய பூட்டு. சாவி அத்தையின் முந்தானையில் முடிந்து கிடக்கிறது. நடக்கும்போது கிலுகிலுவென்று கேட்கிறது.

அன்றைக்குக் காலையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை சொன்னார்கள்: "பெரியவ பூட்டச் சொன்னா, பூட்டிட்டேன். இப்ப யாருடி சமைக்கிறது?"

நான் சொன்னேன்: "பூட்டச் சொன்னவங்க வந்து சமைக்கட்டும் அத்தை."

"அவ எப்படி வருவா?"

"அப்ப நீங்க திறந்து சமைங்க."

"எனக்கு முட்டி மடங்கினா உன்கிட்ட ஏன் பேசிட்டு இருக்கேன்?"

கட்டிலிலிருந்து பெரியவர் சொன்னார்: "ரெண்டு பேரும் சண்டையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்குங்க. பின்னாடி அடுப்புல என்ன இருக்கோ அதைப் போடும்மா."

பின்னாடி அடுப்பில் மீன் இருந்தது.

நான் ஏமாற்றிக் கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. சொல்லித்தான் கொடுத்தேன். தகரக் கூரைக்கு அடியில் பலகை போட்டு உட்கார்ந்து பாப்பா கேட்டாள்: "சித்தி, இதுல முள் இருக்குமா?"

"இருக்கும். எடுத்துத் தரேன்."

"வேண்டாம், நானே எடுக்கிறேன்."

அவளே எடுத்தாள். ஒவ்வொரு முள்ளாகத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்தாள். அந்த அடுக்குகிற புத்தி உங்களுடையதுதான், சந்தேகமில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "இன்னொரு துண்டு இருக்கா?"

இருந்தது. போட்டேன்.

பெரியவர் மூன்றாம் நாள் வரை சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டார். நான்காம் நாள் என்னிடம் மெல்லச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது. உங்க அக்காவுக்கு எழுதிடாதே." எழுதிவிட்டேன்.

இப்போது இந்த வீட்டில் எல்லோருமே பின்கட்டில்தான் சாப்பிடுகிறார்கள், அக்கா. மழை வந்தால் கூரை ஒழுகி நான் தனியாக நனைந்துகொண்டு சமைத்த அதே இடத்தில், உங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து உட்காருகிறார். இதற்கு நான் என்ன செய்தேன்? பூட்டு உங்களுடையது.

உங்கள் மூன்றாவது வேண்டுதல் பலிக்கவில்லை போலிருக்கிறது. சாமி அறையையும் பூட்டிவிட்டீர்களே, அவருக்கு எப்படிக் கேட்கும்?

சின்னவள்

ஜூன் 3

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இடைவேளையில் பிரித்தேன். படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மீதியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். அன்று மதியம் என் மேசையிலிருந்து போன தொடைகளில் ஒன்றில்கூட எலும்புத் துணுக்கு இல்லை என்று சூப்பர்வைசரம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கோபத்துக்கு இங்கே நல்ல விலை.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டதை மன்னித்துவிட்டேன். அவர் எப்போதும் அப்படித்தான். பாப்பா அந்த முள்ளை அடுக்கி வைத்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போனுக்கு வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "சாப்பிட்டேன்மா" என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்படி ஒன்றை ஒளித்துக்கொண்டு அவள் என்னிடம் பேசினது அதுதான் முதல் தடவை. அதை நீ எனக்குச் செய்தாய். கோழி ஒன்றும் பெரிதில்லை அதற்கு முன்னால்.

எனவே நானும் செய்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் திட்டமாகச் சொல்லிவிட்டேன். என் ஒப்பந்தம் முடிந்து நான் வாசலில் கால் வைக்கும்போது நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் நான் இங்கேயே இருந்துகொள்வேன், இங்கிருந்து பணம் ஒன்றும் வராது. தனி அடுப்பு வேண்டும் என்றாயே. தெருவில் மூன்று கல் வைத்தாலும் அது தனி அடுப்புதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. என்னை மேசைக்குத் தலைவியாக்கியிருக்கிறார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் மேசைக்கு ஓர் ஆள் புதிதாகச் சேர்க்கிறார்கள். தலைவி சொல்கிற பெயரை எடுப்பார்கள். ஏஜென்ட் வேண்டாம், கமிஷன் வேண்டாம். யார் பெயரைச் சொல்லப் போகிறாய் என்று சூப்பர்வைசரம்மா கேட்டாள். உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வந்தது என்பதும் விழுங்கினேன் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு காரியம். உன் அப்பா கத்தியை எப்படித் தீட்டுவார்? இங்கே தீட்டுகிற கம்பி கொடுத்திருக்கிறார்கள். நான் தீட்டினால் ஒரு கூடை முடிவதற்குள் கூர் மழுங்கிவிடுகிறது. கறிக்கடைக்காரர் மகளுக்குக் கத்தி தீட்டத் தெரியாதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுது.

பெரியவள்

ஜூன் 29

அக்காவுக்கு,

வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கொழுந்தன் வேலை முடிந்ததும் தினமும் ஒரு தெரு அலைகிறார். ஒரு வீட்டுக்காரி அறையைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "நீங்க என்ன சமைப்பீங்க?" சொன்னோம். கதவைச் சாத்திவிட்டாள். இன்னொரு இடத்தில், "வாரத்துக்கு ஒரு நாள்னா பரவாயில்லை, ஆனா கருவாடு கூடாது" என்றாள். எங்கே போனாலும் உங்களைப் போல ஒருத்தி வாசலில் நிற்கிறாள். உங்களுக்கு இத்தனை தங்கைகள் இருப்பது எனக்குத் தெரியாது.

வாடகை வீட்டில் எனக்கு அடுப்பு கிடைக்காது. நாலு சுவர் சொந்தமாக இருந்தால்தான் உண்டு. அதற்கு எனக்கு ஒரு வழிதான் தெரியும், அந்த வழியில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்த மேசைக்கு என் பெயரைச் சொல்லுங்கள். அது என் இடம். கறிக்கடைக்காரர் மகள் நான். நீங்கள் அங்கே நிற்பது என் அப்பாவின் பெயரில். மூன்று தலைமுறைக் கை எனக்கு. நீங்கள் உங்கள் மேசையில் என்னை நிறுத்தினால் அந்தக் கட்டடத்தில் உங்கள் மேசையை யாரும் தொட முடியாது.

சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்றும் எழுதிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லக்கூடாது. அந்தப் போன் எண் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் பேசிய குரல் யாருடையது என்று அந்த அம்மாளிடம் என்னால் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியும். உங்களை ஏற்றி அனுப்புவார்கள். பூட்டைத் திறந்து உங்கள் சமையல்கட்டில் உட்காரலாம். பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போகிறாள் என்று அப்போது பார்ப்போம்.

அப்பா கத்தி தீட்டுவதைக் கேட்டீர்கள். எழுதமாட்டேன். இந்த வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கவில்லை நீங்கள். அவர் கையை மட்டும் உங்களுக்குக் கொடுப்பேனா? அது என்னிடமே இருக்கட்டும். மழுங்கின கத்தியோடு எத்தனை நாள் தலைவியாக இருப்பீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

சின்னவள்

ஜூலை 22

சின்னவளுக்கு,

உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அவசரப்பட்டு யாரிடமும் சொல்லாதே. முழுவதும் படி.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரம்மாவின் அறைக்குப் போனேன். கண்ணாடிச் சுவர், ஒரு மேசை, அதன்மேல் கைகழுவுகிற மருந்து. உயரமானவள் நான் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இத்தனை மாதத்தில் எனக்குத் தேவையான அளவு பாஷை என்னிடம் சேர்ந்துவிட்டது. இலக்கணம் கிடையாது. ஆனால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல வரும்.

"யார் இவள்?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி என்றேன். "இவளும் கறிக்கடைக் குடும்பமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அந்த வீட்டிலேயே பெரிய பக்தி இவளுக்குத்தான் என்றேன். கறி வெட்டினது கிடையாது, தொட்டது கிடையாது, வாடை வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கழுவுகிறவள் என்றேன். சூப்பர்வைசரம்மா சிரித்தாள். "அப்படிப்பட்டவள் இங்கே எதற்கு?" என்றாள். கஷ்டம், வேறு வழியில்லை, எதையும் செய்வாள், நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "அப்படியானால் அடியிலிருந்து தொடங்கட்டும்" என்றாள். நானும் அதையேதான் கேட்டேன்.

அடி என்றால் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். குடல் கழுவுகிற தொட்டி. என் மேசைக்கு நேர் கீழே, இரண்டு படி இறங்கினால் வரும். நான் நிமிர்ந்தால் உன் தலையில் இருக்கிற வலை தெரியும். ஆறு மாதம் அங்கே. ஒழுங்காக இருந்தால் பிறகு மேசைக்கு எடுப்பேன். எடுத்த பிறகு கத்தியை எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டுவேன், நீ தெரியாதவள் போலக் கற்றுக்கொள்வாய். மூன்று தலைமுறைக் கை என்றாயே, அந்தக் கை என்னைப் பார்த்துப் படிக்கும். முதல் வாரம் கந்தலாக வெட்ட வேண்டும். நன்றாக வெட்டிக் காட்டினால் உன் பொய்யும் என் பொய்யும் சேர்ந்து வெளியே வரும், இரண்டு பேருக்கும் ஒரே விமானம்.

உன் அப்பாவைப் பற்றி இங்கே நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. இங்கே அவருக்கு ஒரே மகள்தான். அது நான். சாப்பாட்டு அறையில் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள், நானும் சொல்லிவைத்திருக்கிறேன். கடையை மூடிவிட்டு சோப்புப் போட்டுக் குளிப்பார், இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு மகளைப் பார்க்க வருவார், யாராவது அவமானப்படுத்தினால் மகள் மனசு நோகாமல் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டுப் போவார் என்று சொன்னேன். மேசைக்காரிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "யார் அவமானப்படுத்தினது?" என்று ஒருத்தி கேட்டாள். கூட இருந்த ஒருத்தி என்று சொன்னேன். "அவளை நீ என்ன செய்தாய்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

போன் செய்வேன் என்று மிரட்டியிருக்கிறாய். செய். நான் வந்து சேர்ந்துவிடுவேன். உனக்கும் இந்தக் கதவு அத்தோடு மூடிவிடும். என்னைக் கெடுக்க வேண்டும் என்றால் உன் அடுப்பை உடைத்துக்கொண்டுதான் கெடுக்க வேண்டும். உனக்கு எது பெரிது என்று நான் பார்க்க வேண்டும்.

நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே ராத்திரி படுத்தால் உன்னோடுதான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் திட்டி, அது போய்ச் சேர்ந்து, நீ திருப்பித் திட்டி வருவதற்குள் எனக்குப் பாதிக் கோபம் ஆறிப்போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நீ என் கண் முன்னால் இருக்க வேண்டும். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் ஆடி முடிந்ததும் காலியாகிறது, அதை உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். என் கீழேதான் படுப்பாய்.

கத்தி விஷயம். நீ எழுதவில்லை. நான் தீட்டினது இன்னும் மழுங்குகிறது, இரண்டு கத்தி மாற்றிக்கொடுத்தும் அப்படியே. போன வாரம் சூப்பர்வைசரம்மா என் மேசை பின்தங்குவதாகச் சொன்னாள். நான் தலைவியாக இருக்கிற வரைக்கும்தான் நான் சொன்ன பெயர் நிற்கும். நீ வருவதற்குள் என்னை இறக்கிவிட்டால் நீயும் வர முடியாது. இதை நன்றாக யோசித்துக்கொள். அவர் கையை எனக்குக் கொடுக்க உனக்கு மனமில்லாமல் இருக்கலாம். கொடுக்காவிட்டால் அந்த இடம் இரண்டு பேருக்கும் இல்லை.

பாப்பாவிடம் நானே பேசிவிட்டேன். என்ன சாப்பிட்டாய் என்று இந்தத் தடவை கேட்டேன். மீன் என்றாள். முள் குத்தியதா என்று கேட்டேன். இல்லை, சித்தி பார்த்துக்கொள்கிறாள் என்றாள். பூட்டைத் திறக்கச் சொல்லி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அது உனக்காக இல்லை. நீ கிளம்பினால் அவளுக்கு யார் சமைப்பது? அத்தைக்கு முட்டி மடங்காது. என் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கம் வந்து நிற்கிற அளவுக்கு ஆகியிருக்கிறாரா, உன் வீட்டுக்காரர் கூடமாட இருந்து பார்த்துக்கொள்வாரா என்று அவர்கள் இரண்டு பேரையும் கேட்டு எழுது.

சூப்பர்வைசரம்மா அடுத்த மாதக் கடைசிக்குள் பெயரை உறுதி செய்யச் சொல்கிறாள். வருகிறாயா இல்லையா, கத்தியை எப்படித் தீட்டுவது, பாப்பாவுக்கு என்ன ஏற்பாடு, இந்த மூன்றுக்கும் சீக்கிரம் பதில் எழுது.

பெரியவள்